தொலைந்த மெயிலும் தொலைந்த பணமும்: சிறு தொழிலுக்கு இமெயில் காப்பகம் அமைப்பது எப்படி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையின் வடக்கு முனையைத் தாண்டிச் சென்றால் வருவது குருசுக்குப்பம். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஆறு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தி வருகிறார். அறைகளை முன்பதிவு செய்வது, முன்பணம் கேட்பது, ரத்து செய்வது என்று பாதிக்கு மேற்பட்ட வேலை இமெயிலில்தான் நடக்கிறது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று விடுதி அலுவலக அறையின் ஜன்னல் பிய்ந்து உள்ளே மழை கொட்டியது. தரையில் வைத்திருந்த சிபியூ முழுக்க நனைந்துவிட்டது. மின்சாரம் வந்த பிறகு ஸ்விட்ச் போட்டுப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க் எழவே இல்லை.

“மெயில் எல்லாம் இன்டர்நெட்லதானே தம்பி இருக்கும்? வேற கம்ப்யூட்டர்ல திறந்தா வந்துடாதா?” என்று அக்கா கேட்டார்.

திறந்து பார்த்தோம். புயலுக்குப் பிறகு வந்த மெயில்கள் மட்டுமே இருந்தன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டு மெயில்கள் ஒன்றுகூட இல்லை.

அடுத்த பிப்ரவரியில் இன்னொரு சிக்கல் வந்தது. வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர், ரத்து செய்த பதிவுக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று கேட்டார். பாதிப் பணம் போதும் என்று அவரே முன்பு ஒப்புக்கொண்டு எழுதிய மெயில், நனைந்து போன ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. “எழுதினது அவங்கதான். ஆனா காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்லையே” என்று சொல்லிவிட்டு, 84,000 ரூபாயையும் அக்கா அனுப்பி வைத்தார்.

இமெயில் காப்பகம் என்றால் பெரிய கம்பெனிகளுக்குரிய சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு கம்ப்யூட்டரும் ஓர் இமெயில் முகவரியும் வைத்துத் தொழில் செய்யும் எவருக்கும் அது தேவை. அதனை அமைப்பது எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

மெயில்கள் எங்கே போயின?

இமெயில் புரோகிராம்கள் சர்வரிலிருந்து மெயிலை எடுத்துவர இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பாப். மற்றொன்று ஐமேப்.

பாப் என்பது தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை வீட்டுக்கு அள்ளி வருவது போன்றது. சர்வரிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று நாம் குறிப்பிடாவிட்டால், கடிதங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. அவர் அனுப்பிய மெயில்களின் நகலும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தது.

ஐமேப் முறையில் மெயில்கள் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டரும் போனும் ஒரே பெட்டியைத்தான் பார்க்கின்றன. இது நல்ல வசதி. ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. போனில் யாரோ ஒரு மெயிலை அழித்தால், கம்ப்யூட்டரிலும் அது மறைந்துவிடும். ஆக, ஐமேப் வைத்துக்கொண்டால் மட்டும் காப்பகம் ஆகிவிடாது.

மூன்றும் ஒன்றல்ல

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இங்குதான் குழம்புகிறார்கள்.

முதலாவது, ஜிமெயிலில் உள்ள ‘ஆர்க்கைவ்’ பட்டன். இதனை அழுத்தினால் மெயில் இன்பாக்ஸிலிருந்து விலகி ‘ஆல் மெயில்’ பகுதியில் இருக்கும். மேசை மேல் இருந்த காகிதத்தை அதே மேசையின் டிராயரில் போடுவது போலத்தான். புதிய நகல் எதுவும் உருவாவதில்லை.

இரண்டாவது, பேக்அப். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ, அதன் நகல். நேற்றே ஒரு மெயிலை அழித்திருந்தால், இன்றைய பேக்அப்பில் அது இருக்காது.

மூன்றாவது, காப்பகம். மெயில் வந்த உடனே, அனுப்பிய உடனே, யாரும் கை வைப்பதற்கு முன்பாக ஒரு நகலைத் தனியே எடுத்து வைப்பது. பிறகு இன்பாக்ஸில் என்ன அழித்தாலும் அந்த நகல் அப்படியே இருக்கும். பெயர், தேதி, சொல் என எதைக் கொடுத்துத் தேடினாலும் கிடைக்க வேண்டும்.

பேக்அப், காப்பகம் இரண்டுமே நமக்குத் தேவை.

“கூகுள் பார்த்துக்கொள்ளாதா?”

பெரிய நிறுவனங்கள் நம்மைவிடக் கவனமாகத்தான் டேட்டாவைப் பாதுகாக்கின்றன. ஆனாலும் 2011 பிப்ரவரி இறுதியில், சாப்ட்வேர் அப்டேட் ஒன்றில் இருந்த பிழையால் ஜிமெயில் பயனாளர்களில் சுமார் 0.02 சதவீதத்தினரின் பெட்டிகள் திடீரென்று காலியாகக் காட்சியளித்தன. கூகுள் தன் சேமிப்பகங்களில் பல நகல்கள் வைத்திருந்தும், பிழை அவற்றையும் பாதித்தது. கடைசியில் கை கொடுத்தவை, நெட்வொர்க்கில் இணையாமல் தனியே வைத்திருந்த டேப்கள். அவற்றிலிருந்துதான் மெயில்களை மீட்டார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நகல்கள் பல இருந்தாலும், ஒன்றாவது தொடர்பு அறுத்துத் தனியாக இருக்க வேண்டும்.

மேலும் ஜிமெயிலில் குப்பைப் பெட்டிக்குச் சென்ற மெயில் 30 நாட்களில் நிரந்தரமாக அழிக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் அக்கவுண்ட்டையே கூகுள் நீக்கலாம். இந்த விதிப்படி நீக்குவது 2023 டிசம்பரில் தொடங்கியது. இலவச இடமான 15 ஜிபியும் மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. போட்டோக்களும் டிரைவில் உள்ள பைல்களும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன.

எந்தப் புரோகிராம்?

ஒருவரோ இருவரோ மெயில் பார்க்கும் சிறு தொழிலுக்கு மொஸில்லாவின் தண்டர்பேர்ட் போதும். இது இலவசம். தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

வீட்டு மெயில்களுக்கு மட்டும் என்றால் மெயில்ஸ்டோர் ஹோம் என்ற இலவசப் புரோகிராம் உள்ளது. ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட் என்று பல இடங்களில் உள்ள மெயில்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தேடித் தரும். ஆனால் இதன் இலவச உரிமை தனிநபர் பயன்பாட்டிற்கு மட்டுமே. கடைக்கோ விடுதிக்கோ பயன்படுத்தக் கூடாது. தொழிலுக்கு அந்த நிறுவனமே மெயில்ஸ்டோர் சர்வர் என்ற கட்டணப் பதிப்பைத் தருகிறது.

ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகம் என்றால் மெயில்ஸ்டோர் சர்வர் போன்ற ஒன்றே ஏற்றது. ஊழியர் அழிக்கும் முன்பே நகல் சேரும்படி அமைக்கலாம். யார் எதைப் பார்க்கலாம், அழிக்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கு வால்ட் என்ற வசதி உள்ளது. ஆனால் இது எல்லாத் திட்டங்களிலும் கிடைக்காது. பிசினஸ் பிளஸ் போன்ற உயர் திட்டங்களில்தான் கிடைக்கும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டர்பேர்டில் காப்பகம் அமைக்கலாம்

அக்காவின் புதிய கம்ப்யூட்டரில் நாங்கள் தண்டர்பேர்டைத்தான் தேர்ந்தெடுத்தோம். இன்றைய பதிப்பில் அதே அமைப்பைச் செய்திடும் வழி இதுதான்.

1. தண்டர்பேர்டை மொஸில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். திறந்தவுடன் பெயர், இமெயில் முகவரி கேட்கும். ஜிமெயில் என்றால் கூகுளின் லாக் இன் விண்டோ திறக்கும். அதில் பாஸ்வேர்ட் தந்து அனுமதி கொடுங்கள். பாப் அல்லது ஐமேப் என்று கேட்கையில் ஐமேப் தேர்ந்தெடுங்கள்.

2. இடது பக்கம் ‘லோக்கல் போல்டர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் உள்ளவை சர்வரில் இல்லாமல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பவை. அதன் மீது ரைட் கிளிக் செய்து ‘நியூ போல்டர்’ மூலம் ‘காப்பகம்’ என்று ஆண்டையும் சேர்த்து ஒரு போல்டர் உருவாக்குங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி போல்டர் இருந்தால் பைல்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகாது. தேடுவதும் எளிது.

3. ‘டூல்ஸ்’ மெனுவில் ‘மெசேஜ் பில்டர்ஸ்’ செல்லுங்கள். மேலே உங்கள் அக்கவுண்ட்டைத் தேர்ந்தெடுத்து ‘நியூ’ கிளிக் செய்திடுங்கள். ‘மேட்ச் ஆல் மெசேஜஸ்’ என்பதனைத் தேர்ந்தெடுங்கள். ‘கெட்டிங் நியூ மெயில்’, ‘ஆப்டர் செண்டிங்’ ஆகிய இரண்டிலும் டிக் அடையாளம் இடுங்கள். முதலாவது வரும் மெயிலுக்கு, இரண்டாவது அனுப்பும் மெயிலுக்கு.

4. கீழே செயல் என்ன என்று கேட்கும் இடத்தில் ‘காப்பி மெசேஜ் டு’ தேர்ந்தெடுத்து, காப்பகப் போல்டரைக் காட்டுங்கள். கவனம், ‘மூவ்’ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் இன்பாக்ஸிலிருந்து மெயில் மறைந்துவிடும்.

5. பழைய மெயில்களையும் சேர்க்க வேண்டும். பில்டர் விண்டோவின் கீழ்ப் பகுதியில் எந்தப் போல்டரில் இயக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து ‘ரன் நௌ’ கிளிக் செய்திடுங்கள். முதலில் இன்பாக்ஸ், பிறகு செண்ட் போல்டர். ஆயிரக்கணக்கில் மெயில்கள் இருந்தால் நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிடுங்கள்.

இந்த அமைப்பில் மூன்று குறைகள் உண்டு. தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டும்தான் நகல் எடுக்கப்படும். போனிலிருந்து அனுப்பிய மெயில் தானாக இதில் சேராது. எனவே வாரம் ஒரு முறை செண்ட் போல்டரில் ‘ரன் நௌ’ கொடுங்கள். ஒரே மெயில் இரண்டு முறை பதிவானாலும் பாதகமில்லை, விடுபடக் கூடாது. மூன்றாவதாக, அந்தக் கம்ப்யூட்டரில் அமரும் எவரும் இந்தப் போல்டரில் உள்ளதை அழிக்க முடியும். அதனால்தான் ஊழியர்கள் உள்ள இடத்துக்குச் சர்வர் வகைப் புரோகிராம் வேண்டும் என்றேன்.

ஜனவரி முதல் தேதி புதிய ஆண்டுக்கான போல்டரை உருவாக்கி, பில்டரில் அதன் பெயரை மாற்ற மறக்காதீர்கள்.

இரண்டாவது நகல் வேறு வீட்டில்

இதுவரை செய்தது பாதி வேலைதான். காப்பகம் இப்போதும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்று, மழை, மின்வெட்டு எல்லாம் சேர்ந்து அதனைத் தின்னக் காத்திருக்கின்றன.

‘ஹெல்ப்’ மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்பர்மேஷன்’ கிளிக் செய்தால், ‘புரொபைல் போல்டர்’ என்ற வரியில் ‘ஓப்பன் போல்டர்’ பட்டன் கிடைக்கும். அந்தப் போல்டர் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். பிறகு அதனை அப்படியே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்திடுங்கள். நகலுக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். பழைய நகலின் மேலேயே எழுதாமல், கடைசி நான்கு நகல்களையாவது வைத்திருங்கள். காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க்கை, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் விட்டு வைக்காது.

இப்படி இரண்டு டிஸ்க்குகள் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறிடத்தில். அக்காவின் இரண்டாவது டிஸ்க் வில்லியனூரில் அவர் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போகும்போது டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வருவார்.

மெயில்களோடு விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல் போன்றவையும் அந்த டிஸ்க்கில் இருக்கும். எனவே டிஸ்க்கை வெராகிரிப்ட் போன்ற இலவசப் புரோகிராமால் பாஸ்வேர்ட் தந்து பூட்டி வையுங்கள். அந்தப் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வேறோர் இடத்தில் வையுங்கள். மறந்துவிட்டால் அந்த டிஸ்க்கை எவராலும் திறக்க முடியாது.

எத்தனை ஆண்டுகள்? எந்த வடிவில்?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 7ஆம் பிரிவில் மின்னணு ஆவணங்களைப் பாதுகாப்பது பற்றிச் சொல்கிறது. பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். உருவான, அனுப்பிய அல்லது பெற்ற வடிவிலேயோ, அதனைச் சரியாகக் காட்டும் வடிவிலேயோ இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே, எந்தத் தேதியில், எந்த நேரத்தில் சென்றது என்ற விவரமும் இருக்க வேண்டும்.

மெயிலைப் பிரிண்ட் எடுத்து பைல் போட்டு வைப்பது மட்டும் ஏன் போதாது என்று இப்போது புரியும். தண்டர்பேர்டில் ஒரு மெயிலைத் திறந்து கண்ட்ரோல், யு கீகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். மெயில் எந்தெந்த சர்வர் வழியாக, எந்த விநாடியில் வந்தது என்று நீண்ட பட்டியல் தெரியும். பிரிண்டிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் இந்த விவரங்கள் இருக்காது. பார்வர்ட் செய்தாலும் புதிய மெயிலின் விவரங்களே அதில் வரும்.

வழக்கு என்று வந்தால் சான்றிதழும் வேண்டும். யாஹூ குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி இழிவாகப் பதிந்த வழக்கில், 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் மின்னணுச் சான்றுகளை ஏற்றுத் தண்டனை அளித்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்யச் சட்டம் கூறும் சான்றிதழ் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவும் சான்றிதழ் கேட்கிறது. அதனை எழுதித்தர வழக்கறிஞர் இருக்கிறார். மூல மெயில் மட்டும் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர்கள் கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் இன்னும் கூடும். பில், ஆர்டர், பணம் பற்றிய மெயில்களுக்கு எட்டு ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் நினைவில் வைப்பதும் எளிது. உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் காலம் முழுக்கச் சேர்த்து வைக்கவும் வேண்டாம். பிறருடைய சொந்த விவரங்களைத் தேவை முடிந்த பின் நீக்க வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கு. ஆண்டுவாரியாகப் போல்டர் இருந்தால், காலம் கடந்த ஆண்டை மொத்தமாக நீக்குவதும் சுலபம்.

மாதம் ஒரு சோதனை

காப்பகம் அமைத்தவர்கள் செய்யும் பெரிய தவறு, அதனை மறந்துவிடுவதுதான். மாதத்தின் முதல் வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

நேற்று வந்த மெயில் காப்பகத்தில் உள்ளதா? நேற்று அனுப்பியது உள்ளதா? ஓராண்டுக்கு முந்தைய ஒரு மெயிலைத் தேடினால் கிடைக்கிறதா? அதனுடன் இணைத்த பைல் திறக்கிறதா? வெளியே வைத்துள்ள டிஸ்க்கைச் செருகினால் படிக்க முடிகிறதா? இதில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அன்றே சரி செய்திடுங்கள்.

ஊழியர் எவரும் வேலையை விட்டுச் சென்றால், அவருடைய மெயில் அக்கவுண்ட்டை உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயில்கள் முழுவதும் காப்பகத்தில் சேர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். கூகுள் வால்ட் வைத்திருப்பவர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். அங்கே பயனாளரின் அக்கவுண்ட்டை அழித்தால், வால்ட்டில் உள்ள அவருடைய டேட்டாவும் போய்விடும்.

நகல் எடுத்தவர்களால் கிடைத்தது

நகலின் அருமை புதுச்சேரிக்குப் புதிதல்ல. டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை, 1736 முதல் 1761 வரை அன்றாட நடப்புகளைத் தமிழில் எழுதி வைத்தார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, யார் என்ன பேசினார் என்று எல்லாம் அதில் உண்டு. வீட்டில் கிடந்த அந்த ஏடுகளுக்கு 1846இல் நகல் எடுத்தார்கள். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதனை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. எழுதியவருக்கு எவ்வளவு நன்றி சொல்கிறோமோ, அவ்வளவு நகல் எடுத்தவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் நகரில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விடுதியின் தரைத் தளத்தில் தண்ணீர் புகுந்தது. இந்த முறை சிபியூ மேசை மேல் இருந்ததால் தப்பித்தது. ஆனால் மின்சாரமும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அந்த வாரம் வரவேண்டிய விருந்தினர்கள் யார், யாருக்கு எவ்வளவு முன்பணம் திருப்ப வேண்டும் என்று பார்த்தாக வேண்டும்.

அக்கா வில்லியனூருக்குப் போன் செய்தார். தங்கை மகன் அலமாரியிலிருந்த டிஸ்க்கை எடுத்து, தன் லேப்டாப்பில் செருகி, முன்பதிவு மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். அக்கா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தகவல் போய்விட்டது.

இந்த வாரமே ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். உங்கள் ‘வில்லியனூர்’ எது என்று முடிவு செய்திடுங்கள். முதல் நகலை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் காப்பகம் தயார்.